புங்கமரக் காப்புறைத் திட்டம்

மனிதகுலம் தாவரகுலத்தின் மேல் இதுவரை காட்டிய கருணையெல்லாம் ஒரு தட்டிலும், வடமதுரைக்குப் பக்கத்திலுள்ள அந்த உயர்நிலைப் பள்ளி ஒரே ஒரு புங்கமரத்தின் மேல் காட்டிய கருணை இன்னொரு தட்டிலும் வைக்கப்படுமானால், இரண்டாவது தட்டுதான் தாழும். தாழாமல் என்ன செய்யும்? அந்தக் கருணை பத்தடிக்கு எட்டடி, முதுகு கறுப்பான ஒசத்தி ஃப்ளெக்ஸ்.

மரத்தை நட்டவர் அறிவியல் டீச்சர் சூர்யகலா. மூன்று வருஷத்துக்கு முன்னால் முழங்கால் உயரக் கன்றாக வைத்தது. மைதானம் சுத்தப் பொட்டல், போர்வெல்லிலும் காற்றுதான் வரும். பிள்ளைகள் சாப்பிட்டுத் தட்டுக் கழுவுகிற தண்ணீர் வேருக்குப் போகிற மாதிரி டீச்சரும், பள்ளிக்கூடம் கூட்டுகிற சுந்தரம்மாளும் சேர்ந்து ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். புங்கனும் நன்றி மறக்காமல் ஆளுயரம் தாண்டி, குடை மாதிரி கிளைத்து நின்றது. இதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஆகவே இது பாதுகாப்பு ஆகாது.

முறைப்படியான பாதுகாப்பு ஆடி மாசம் தொடங்கியது. இயற்கைவளப் பாதுகாப்பு வாரத்தை மாவட்டத்திலிருந்து பெரிய அலுவலர் ஒருவர் வந்து தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. தலைமையாசிரியர் அந்தோணிமுத்து ஒரு குழு அமைத்தார், குழு ஒரு ஃப்ளெக்ஸ் அடித்தது. நடுவில் அலுவலரின் முகம் மூன்றடி. பக்கத்தில் தலைமையாசிரியர் முகம் ஒன்றரை அடி. குழு உறுப்பினர்கள் தபால்தலை அளவில். அடியில் ‘இயற்கையைக் காப்போம்’ என்று கொட்டை எழுத்து. மூலையில் மரம் ஒன்றும் இருந்தது. அது புங்கன் இல்லை, ஏதோ சீமையில் செக்கச்செவேலென்று நிற்கிற மரம்.

ஒரே ஒரு சிக்கல். கம்பு நட்டுப் பேனர் கட்ட அனுமதி வாங்க வேண்டும். குழு இரண்டு நாள் யோசித்தது. மூன்றாம் நாள் தலைமையாசிரியருக்கு ஞானம் பிறந்தது. அதையே மரத்தைச் சுற்றிப் போர்த்திவிட்டால் அது பேனர் இல்லையே, ‘மரக் காப்புறை’ அல்லவா! தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. காக்கா எச்சம் முகங்களில் பட்டுவிடக் கூடாதென்று உச்சியையும் சேர்த்து, மாங்காய் மூட்டை மாதிரி இறுக்கிக் கட்டினார்கள். ஆடிக்காற்று கிழித்துவிடாமல் இருக்க, கட்ட வந்தவர் வழக்கம்போல அரைவட்டம் அரைவட்டமாகக் காற்று ஓட்டைகள் வெட்டினார்.

விழா தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. நாற்பது நாள் ஆயிற்று. அடியிலிருந்து பழுத்த இலை கொட்டிக்கொண்டே இருந்தது, சுந்தரம்மாள் கூட்டிக்கொண்டே இருந்தாள். டீச்சர் மூன்று தடவை போய்க் கேட்டார்.

“செத்த பொறுங்க டீச்சர். இப்பக் கழட்டிட்டா மரத்துக்குப் பாதுகாப்பு இல்லைன்னு ஆயிரும்ல?” என்றார் தலைமையாசிரியர், மெய்யான கவலையோடு.

ஒளிச்சேர்க்கைப் பாடம் நடத்தினபோது, வெயில் படாவிட்டால் இலை சாப்பாடு தயாரிக்காது என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, தமிழ்மதி என்கிற பிள்ளை ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துவிட்டு, “அப்ப நம்ம மரம் நாப்பது நாளாப் பட்டினியா டீச்சர்?” என்று கேட்டது. டீச்சர் திரும்பிக் கரும்பலகையை அழித்தார். அழிக்க அதில் ஒன்றும் இல்லை. இன்னும் பத்து நாள் போனால் மரம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். கயிற்றில் கை வைத்தால் விளக்கம் கேட்டு ஓலை வரும் என்பதும் தெரியும்.

ஒருவழியாக அலுவலர் வந்தார். மாலை, சால்வை, உரை எல்லாம் முடிந்ததும் நிகழ்ச்சி நிரலில் ‘அறிவியல் செய்முறை விளக்கம்’ என்று போட்டிருந்தது. சூர்யகலா டீச்சர் முதல் நாள் சாயங்காலமே ஓட்டை வழியாகக் கையை விட்டு, ஃப்ளெக்ஸில் ஒட்டி அழுந்திக் கிடந்த இரண்டு இலைகளைப் பறித்து வைத்திருந்தார். அவற்றை வெந்நீரில் போட்டு, பிறகு சுடுதண்ணீரில் வைத்த ஸ்பிரிட்டில் பச்சை போக வெளுத்து, வெள்ளைத் தட்டில் விரித்தார். அயோடின் விட்டால் மாவுச்சத்து இருக்கிற இடம் கருநீலமாகும் என்று சபைக்கு அறிவித்துவிட்டுச் சொட்டு விட்டார்.

முதல் இலையில் அச்சடித்தாற்போல ஒரு அரைவட்டம் மட்டும் கருநீலமாக எழுந்தது. மற்ற இடமெல்லாம் வெளிறிக் கிடந்தது.

அலுவலருக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு அழகாக எப்படி வரைந்தீர்கள் என்று கேட்டார்.

“வரையல சார். ‘காப்போம்’ங்கிற எழுத்துக்கு மேல காத்துக்காக வெட்டுன ஓட்டை அது. அம்புட்டு இடத்துலதான் வெயில் பட்டுச்சு. மரம் அதை வச்சுத்தான் இத்தனை நாளா உசுரோட கெடக்கு.”

தலைமையாசிரியருக்கு இருமல் வந்தது. அலுவலர் அவரைப் பார்க்காமல் இரண்டாவது இலையைக் காட்டினார். அதில் எத்தனை சொட்டு விட்டும் ஒரு பொட்டு நீலம்கூட இல்லை.

“இது ஏன் ஒண்ணுமே ஆகல?”

முன்வரிசையில் தமிழ்மதி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

“அது உங்க படத்துக்கு நேர் பின்னால இருந்த இலை சார். பெரியவங்க மொகத்துல ஓட்டை போட்டா மரியாதைக் கொறவுன்னு போடல.”

அலுவலர் கழுத்திலிருந்த சால்வையை மெல்லக் கழற்றினார். அதற்குள் சுந்தரம்மாள், யாருடைய தீர்மானமும் இல்லாமல், கயிற்றை அறுத்துவிட்டாள்.