நிப்பாட்டி போட்ட தட்டு பிரேக்

எண்பதுகளில் உத்திரமேரூர் வட்டாரத்தில் ஒரு வண்டி ஓடியது என்றால் அதற்குக் காரணம் பெட்ரோல். நின்றது என்றால் அதற்குக் காரணம் நிப்பாட்டி. பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை. பிரேக் வேலை மட்டும்தான். எஞ்சினைத் தொடச் சொன்னால் கோபம் வந்துவிடும்.

"ஓடவெக்கறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் கீறான். நிக்கவெக்கறதுக்கு எவன் கீறான்?"

கலெக்டர் முதல் கட்டைவண்டிக்காரர் வரை எல்லாரும் அவருக்கு 'நீ'தான். எந்த வண்டியிலும் ஏற மாட்டார். காஞ்சிபுரத்தில் வேலை என்றால் முந்தின நாளே நடக்கத் தொடங்கிவிடுவார். "உன் கையால போட்ட பிரேக்குதானே, ஏறேன்" என்று யாரோ கேட்டதற்கு, "போட்டவன் நானு. எனக்குத் தெரியாதா?" என்றார்.

வேலை முடிந்ததும் அவர் நடத்தும் சோதனைதான் பிரசித்தம். நடுரோட்டில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, வண்டிக்காரரைத் தன் மீது ஓட்டிவரச் சொல்வார். "வா, வா, பயப்படாத... மிதி!" ஒருமுறை ஒரு லாரி அவர் வேட்டியைத் தொட்டுக்கொண்டு நின்றது. வேட்டியை உதறிவிட்டு, "இன்னும் கொஞ்சம் முறுக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

நான் அங்கே மாட்டு டாக்டர். மூன்றாம் கையாக வாங்கிய ஒரு சின்னக் கார் வைத்திருந்தேன். மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக் கலங்கல் தாண்டி வழியும் தண்ணீர் ரோட்டில் ஓடும். அதில் இறங்கி ஏறினால் பின்சக்கர டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து பிரேக் சரியாகப் பிடிக்காது. ஒருநாள் நேராக ஒரு பம்ப்செட் கொட்டகைக்குள் போய் நின்றேன். நிப்பாட்டியிடம் சொன்னேன்.

"டிரம்மு இன்னாத்துக்கு டாக்டரு? நீ இன்னா கூத்தா கட்டப்போற? முன்னால தட்டுதானே கீது? பின்னாலயும் தட்டு போட்டுடலாம். தண்ணி பட்டா சுத்தற சுத்துல செதறிப் பூடும்."

தட்டு என்று அவர் சொன்னது டிஸ்க் பிரேக்கை. சென்னையில் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, ஏதோ வெளிநாட்டுக் காரின் முன்சக்கரத்திலிருந்து கழற்றிய இரண்டு தட்டுகளையும் அவற்றைக் கவ்வும் பிடிகளையும் தலையில் சுமந்துகொண்டு வந்தார். அளவு சேரவில்லை. அறுத்தார், அரத்தால் ராவினார், வைதார், மறுபடி அறுத்தார். ஆடி போய் ஆவணி வந்தது. நான் சைக்கிளில் திரிந்தேன். அந்த நாட்களில் பல மாடுகள் எனக்காகக் காத்திராமல் தாமாகவே சுகமாகக் கன்று ஈன்றன. என் தொழிலுக்கு அது நல்ல விளம்பரமில்லை.

ஒருவழியாக முடிந்தது. நடுரோட்டில் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன். கார் அறைந்தாற்போல் நின்றது. இறங்கும்போதுதான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அது துடைப்பக்கட்டை போலச் சும்மா எழுந்து வந்தது.

"மேஸ்திரி, இது எங்கேயும் மாட்டலையே?"

"அந்த ஒயரு பழைய டிரம்மோட போச்சு. இது முன்சக்கரத்துக்குன்னு செஞ்ச தட்டு, இதுல அதுக்கு ஏது எடம்? அத்த பத்தி நீ ஏன் பேஜார் பட்டுக்கினு?" என்று புளியமரத்தில் செதுக்கிய ஒரு ஆப்பைக் கொடுத்தார். "நிறுத்தினா எறங்கி சக்கரத்துக்குக் கட்ட வெய்யி. மறந்துடாத. சாப்பாட்ட மற, இத்த மறக்காத."

ஐப்பசியில் ஒரு மழைநாள். ஏரிக்கரை ஓரம் ஏழுமலை என்கிற கூலிக்காரரின் கொட்டகையில் பசு கன்று போட முடியாமல் கிடந்தது. கரைச் சரிவில் காரை நிறுத்திவிட்டுப் பையோடு ஓடினேன். கியரில் போட்டேனா என்பதுகூட நினைவில்லை. கட்டை முன்சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது. கன்று உயிரோடு வந்தது. கை கழுவிக்கொண்டிருந்தபோது வெளியே சத்தம். சரிவில் உருண்ட கார், மரத்தடியில் கட்டியிருந்த ஏழுமலையின் உழவு மாட்டை மோதித் தள்ளியிருந்தது. தொடை எலும்பு நொறுங்கிவிட்டது. அந்த மாட்டுக்குக் கடைசி ஊசியை நானே போட்டேன்.

"ஒண்ணக் குட்த்துட்டு ஒண்ண எட்த்துக்கினியே டாக்டரு" என்றார் ஏழுமலை. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

நிப்பாட்டிக்கு ஆள் போயிற்று. அவர் வருவதற்குள், கூட்டம் மாட்டைச் சுற்றி நின்ற நேரத்தில், நான் கட்டையை எடுத்துக்கொண்டுபோய்ச் சரிவில் போட்டேன். வைத்தது நழுவிவிட்டது போலத் தோன்றுமாறு. படித்தவன், அரசாங்க டாக்டர், மறந்தேன் என்று அந்தக் கூட்டத்தின் முன் எப்படிச் சொல்வது?

மூச்சிரைக்க நடந்துவந்தவர் கேட்டது ஒரே கேள்வி.

"கட்ட வெச்சியா டாக்டரு?"

"வெச்சேன்."

அவர் சந்தேகப்பட்டிருந்தால் தப்பியிருப்பேன். நம்பிவிட்டார். கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ என் மேலதான் தப்பு" என்றார். ஊரும் அதையே சொன்னது.

அதன்பிறகு அவர் செய்தது பைத்தியக்காரத்தனம். மழை பெய்யும்போதெல்லாம் ஏரிக்கரைக்கு வந்து, ஒரு மாட்டுவண்டியைச் சரிவில் நிறுத்தி, விதவிதமாகச் செதுக்கிய கட்டைகளை வைத்துப் பார்ப்பார். "நழுவ மாட்டேங்குதே டாக்டரு! அன்னிக்கி மட்டும் எப்டி நழுவிச்சி?" பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரிப்பதுபோல் வாயை வைத்துக்கொண்டேன். பிரேக் வேலைக்கு வண்டிகள் செங்கல்பட்டுக்குப் போகத் தொடங்கின. தப்பித் தவறி வந்த வண்டிகளுக்கும் சோதனையின்போது அவர் ரோட்டின் நடுவில் நிற்பதில்லை. ஓரமாக ஒதுங்கி நின்றார்.

அடுத்த ஆண்டு எனக்கு மலைப்பக்கம் மாற்றல் வந்தது. சேதி தெரிந்து அவரே வந்து காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தட்டுகளைக் கழற்றிவிட்டு, எங்கிருந்தோ தேடிப்பிடித்த பழைய டிரம்மையும் ஒயரையும் பூட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கைத் தானே இழுத்துப் பார்த்தார். பிறகு பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை.

"மேஸ்திரி, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னா, சத்தம் வருதா?"

"இல்லை."

"அப்போ கெளம்பு. மேட்டுல பாத்து நிறுத்து. போய்ச் சேந்ததும் யார்கிட்டயாச்சும் சொல்லி அனுப்பு."

நான் சொல்லி அனுப்பவில்லை. அவர் இறந்துபோனதே பல வருஷங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இன்று ஏழுமலையும் இல்லை. இதைச் சொல்ல வேண்டிய இருவரும் போனபின் உங்களிடம் சொல்கிறேன். நான் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டுமென்று அவ்வளவு கவலைப்பட்ட மனிதர் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.