நான்காம் மாடி நாற்காலிப் போர்

வில்லை தேய்க்கும் விரலினள், மங்கிய விழியெல்லாம் துலங்க வைக்கும் தொழிலினள், மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் நாள் முழுதும் நின்று நின்று கெண்டைக்கால் கல்லாய் இறுகியவள், நான்காம் மாடியில் ஒற்றைப் படுக்கையறைப் பேரரசின் சரிபாதிக்கு உரியவள், அவள் வாழி. அவள் தோள்பை வாழி. அப்பையின் அடியில் என்றும் அகப்படாமல் ஒளிந்துகொள்ளும் வீட்டுச் சாவியும் வாழி. வெண்குடையும் வெற்றிமுரசும் இன்றி, ஒரு பிரம்பு நாற்காலியின் பொருட்டுத் தன் கணவனோடு அவள் தொடுத்த போரை இங்கே சொல்லப் புகுகிறோம். கேட்போர் செருப்பைக் கழற்றிவிட்டு வசதியாக உட்காருக, உட்கார இடம் இருந்தால்.

பேரரசின் எல்லைகளை முதலில் உரைப்பதே முறை. வடக்கே குளியலறை, தெற்கே பால்கனி, கிழக்கே ஒரு குடும்பம் இருமுவது கேட்கும் சுவர், மேற்கே இன்னொரு குடும்பம் அந்த இருமலைப் பற்றிக் குறைசொல்வது கேட்கும் சுவர். இந்நான்கெல்லைக்குள் அலமாரியைத் திறக்க வேண்டுமெனில் கட்டிலின்மேல் ஏறி நிற்க வேண்டும். சமையலறையில் ஒருவர் குனிந்தால் மற்றவர் வெளிநடப்புச் செய்ய வேண்டும்.

ஆயினும் அவ்விருவர்க்கும் இது அகன்ற நாடே. மணமாகும் வரை அவள் இரண்டு தங்கைகளோடும் ஒரு தையல் எந்திரத்தோடும் ஓர் அறையைப் பங்குபோட்டவள். அவனோ கூடத்தில், தொலைக்காட்சிக்கும் அண்ணன்மார் குறட்டைக்கும் இடையில் பாய் விரித்து வளர்ந்தவன். இங்கே குடியேறியபின் இருவரும் குளிக்கும்போது பாடினர். சுருதியைத் தேடிப் போகவில்லை. வாணலியிலிருந்தே தின்றனர். ஞாயிற்றுக்கிழமை பகலெல்லாம் பல்கூடத் துலக்காமல் படுத்துக் கிடந்து, 'இன்னுமா எந்திரிக்கல?' என்று எவரும் வந்து கேட்காத அந்த அமைதியைக் காது குளிரக் கேட்டனர்.

இத்திருநாட்டின் தலைநகர் தெற்குப் பால்கனி. அதில் பாதியைத் துணி துவைக்கும் எந்திரம் என்னும் குறுநில மன்னன் கைப்பற்றியிருந்தான். சுழலும்போதெல்லாம் உறுமி உறுமித் தன் எல்லையை விரலளவு நகர்த்திக்கொண்டும் இருந்தான். மீதிப் பாதியில் ஒரு நாற்காலி கொள்ளும். ஒன்றே கொள்ளும். எதிரே நிற்கும் இரு பெருங்கட்டடங்களின் இடுக்கிலிருந்து மாலையில் ஒரு காற்று புறப்படும். புறப்பட்டது வழியில் எவர் வீட்டிலும் நலம் விசாரிக்காமல் நேரே வந்து அந்த நாற்காலியில்தான் விழும்.

ஆதலால் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வேலை முடிந்து வீடு திரும்பி எவர் முதலில் அமர்கிறாரோ, அவருடையதே அந்த மாலை. தோற்றவர் தேநீர் வைத்துக் கொணர வேண்டும். அதனினும் கொடியது அடுத்த விதி: அமர்ந்தவரே அன்றைய தன் கதையை முதலில் சொல்வார், தோற்றவர் கதவு நிலையில் சாய்ந்து நின்று, கதை முடியும் வரை 'ம்' என்னும் ஓரெழுத்தன்றிப் பிறிதொன்று மொழியலாகாது.

மெய்யாகவே போர்கள் மூண்டது தேநீருக்காக அன்று, இந்த 'ம்'முக்காகத்தான். பகலெல்லாம் கடையில் 'சரிங்க, சரிங்க' என்றே நாவு தேய்ந்தவள் அவள். அவள் கணவனோ விசும்பேறு பெட்டகங்களின் வைத்தியன், உலக வழக்கில் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் எந்த லிஃப்ட் எங்கே நின்றாலும் அதற்கான ஏச்சைத் தன் இரு காதாலும் வாங்கிக்கொள்பவன். தான் பேசப் பேசத் தனக்காக ஓர் உயிர் 'ம்' கொட்டுவது இவர்களுக்கு அரசபோகமன்றி வேறென்ன?

எனவே எத்தனை சூழ்ச்சி, எத்தனை துரோகம். பேருந்து பெரிய வளைவைச் சுற்றி வருமுன்பே ஒரு நிறுத்தம் முந்தி இறங்கி, ரொட்டிக்கடைச் சந்து வழியே புகுந்து அவள் வென்ற மாலைகள் உண்டு. "இன்னிக்கு லேட் ஆகும், நீ மெதுவா வா" என்று தொலைபேசியில் தேனொழுகச் சொன்னவன், அந்நேரம் அந்நாற்காலியிலேயே கால்மேல் கால் போட்டிருந்த மாலையும் உண்டு. அதற்குப் பழியாக மறுநாள் காலை அவனுடைய வலது செருப்பு ஒன்று அரிசி டப்பாவின் பின்னே அஞ்ஞாதவாசம் போனதும் உண்டு.

இவ்வாறிருக்க, ஒரு நாள் கடை முதலாளி பின்னறைக்குள் எழுந்தருளினார். மாதம் ஒரு புன்னகைக்கு மேல் செலவழித்தறியாத மனிதர் அவர். அவள் தேய்த்து வைத்த வில்லை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார்.

"அடுத்த மாசத்துலேருந்து இந்த ரூமை நீயே பாத்துக்கம்மா. புதுசா ரெண்டு பேர் வர்றாங்க, உனக்குக் கீழ."

அவ்வளவே. போய்விட்டார். நம் நாயகியோ தேய்ப்பு எந்திரத்தை நிறுத்தவும் மறந்து நின்றாள். கணவனை அழைக்கத் தொலைபேசியை எடுத்தவள், எண்ணைத் தொடுமுன் திரும்ப வைத்தாள். போனில் சொன்னால் இது வெறும் தகவல். நாற்காலியில் சாய்ந்து, முன்னே தேநீர் ஆவி பறக்க, அவன் வாயை 'ம்' என்று கட்டிவைத்துவிட்டுச் சொன்னாலன்றோ காவியம். பகல் முழுதும் அந்தச் செய்தியை வாய்க்குள் அடக்கிய மிட்டாய்போல் ஒதுக்கிக்கொண்டே கழித்தாள்.

மாலை வந்தது. ஒரு நிறுத்தம் முந்தி இறங்கி, சந்து நீந்தித் தெருமுனையில் அவள் தோன்றிய அக்கணமே, தெருவின் மறுமுனையில், தோளில் கருவிப்பை தொங்க, சட்டையெல்லாம் மசகு படிய அவனும் தோன்றினான். இரு விழியும் இரு விழியும் சந்தித்தன. தெருநாய் எழுந்து ஓரமாய்ப் போய்ப் படுத்தது.

தெருவில் ஓடினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்னும் நாகரிகம் இருவர்க்கும் உண்டு. ஆகவே இருவரும் நடந்தனர். அஃது என்ன நடை. முழங்கால் மடங்காமல், முழங்கை மட்டும் காற்றை அறுக்க, முகத்தில் ஒன்றுமறியாப் புன்னகை பூத்து, மூச்சை மட்டும் மூக்கு வழியே குதிரைபோல் விட்டு, பழக்கடையை இந்தப் பக்கம் இவள் கடக்க, மருந்துக்கடையை அந்தப் பக்கம் அவன் கடக்க, கருவிப்பைக்குள் ஸ்பானர்கள் போர்ப்பறையாய் முழங்க, நடுவே வந்த ஸ்கூட்டர்க்காரர் எவரை முதலில் ஏசுவதென்று தெரியாமல் எவரையுமே ஏசாமல் போக, வாயிற்கதவை அவன் ஈரடி முந்தித் தொட்டான்.

உள்ளே லிஃப்ட், கதவு திறந்து, வரம் தர வந்த தேவதைபோல் தரைத்தளத்திலேயே காத்திருந்தது. இனி யார் அவனை வெல்ல இயலும்? எவர் விரலுக்கும் மசியாத அந்தக் கிழட்டுப் பெட்டி அவன் விரல் பட்டால் மட்டும் எங்கும் நில்லாமல் பறக்கும் என்பது கட்டடமே அறிந்த செய்தி. தோல்வி கண்முன் தெரிந்தது அவளுக்கு. அப்போதுதான் நிகழ்ந்தது அந்த அதிசயம். அவன் லிஃப்டின் முன் நின்றான், உள்ளே எட்டிப் பார்த்தான், பின்வாங்கினான், படிக்கட்டின் பக்கம் திரும்பி ஏறத் தொடங்கிவிட்டான்.

இதென்ன மாயம்? லிஃப்ட் மெக்கானிக் படியேறுவதா? ஏதேனும் பொறி வைத்திருக்கிறானோ என்று ஒரு நொடி ஐயுற்றாள். ஐயுறுவதற்கு அந்த ஒரு நொடிக்கு மேல் நேரமில்லை. உள்ளே பாய்ந்து பொத்தானை அழுத்தினாள்.

முதல் மாடியில் கதவு திறந்தது. கைக்குழந்தையின் தள்ளுவண்டியோடு ஒரு பெண்மணி நின்றிருந்தாள்.

"மேலயா, கீழயா?"

"மேலங்க."

"பரவால்ல, மேல போயிட்டே கீழ வர்றேன்" என்று தள்ளுவண்டியின் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே உபசரித்து உள்ளே ஏற்றினாள் அப்புண்ணியவதி. சுவருக்கு அப்பால் ஸ்பானர்கள் முழங்கி மேலேறின.

இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"நல்ல வேளை, நீயே வந்தே. இது ஒரு பக்கமா சாயுது பாரும்மா" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டியபடியே உள்ளே வந்தார்.

போரா, தொழிலா? இடப்பக்கக் காம்பு வளைந்திருப்பதை அவள் கண் அவளைக் கேளாமலே கண்டுவிட்டது. கோணிய கண்ணாடி ஒன்று கையில் இருக்க அதை நிமிர்த்தாமல் விடுவது அவள் குலத்தில் இல்லை. ஒரு கையால் சட்டத்தைப் பிடித்து, மறுகைக் கட்டைவிரலால் காம்பை நீவி, மூக்குத்தாங்கியைத் தட்டி, மூன்றாம் மாடி வருமுன் அவர் முகத்தில் ஏற்றினாள். அவர் வெளியே இறங்கி, கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"இப்பதாம்மா உன் முகம் நேரா இருக்கு."

"சந்தோஷம் சார். கதவை விடுங்க சார்."

நான்காம் மாடியில் கதவு விலகியபோது, மூச்சு வாங்க அவன் வீட்டு வாசலில் நின்று சட்டைப்பையையும் கால்சட்டைப்பையையும் மாறி மாறித் தட்டிச் சாவி தேடிக்கொண்டிருந்தான். அவள் தோள்பைக்குள் கைவிட்டாள். குடியேறிய நாள் முதல் ஒரு முறையும் முதல் தேடலில் அகப்படாத அந்தச் சாவி, அன்று தானே வந்து விரலில் ஏறியது. கதவு திறந்தது. ஒருவர் நுழையவே அளந்து கட்டிய வாயிலில் இருவர் ஒரேநேரம் நுழைந்து நடுவில் சிக்கி, நெளிந்து, பிதுங்கி, உள்ளே விழுந்தனர். செருப்புகள் நான்கும் நான்கு திசையில் பறந்தன. கட்டில் முனையில் அவன் முட்டி இடித்தது, ஆயினும் நிற்கவில்லை, நெடுங்கையன் கைநீட்டிப் பால்கனிக் கதவைத் தொட்டேவிட்டான். அந்நிலையில் அவள், கூட்டமான பேருந்தில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம்பிடிக்கும் வீரர் அனைவரையும் நெஞ்சில் நினைந்து, தோள்பையைச் சுழற்றி அவன் தலைக்கு மேலாய் எறிந்தாள். பை பறந்தது. நாற்காலியின் நட்டநடுவில் அமர்ந்தது.

"பை உக்காந்தா நீ உக்காந்ததா ஆயிடுமா?" என்றான் அவன்.

"பையும் நானும் ஒண்ணுதான். வேணும்னா பையைக் கேளு."

வழக்கமாக இவ்விடத்தில் வாதம் வளரும். சட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் அலசப்படும். அன்றோ அவன் விலகி வழிவிட்டு, கதவு நிலையில் சாய்ந்துகொண்டான்.

அவள் அமர்ந்தாள். காற்று வந்து நெற்றியில் விழுந்தது. பகலெல்லாம் ஒதுக்கி வைத்த மிட்டாய் நாவின் நுனிக்கு வந்தது. "இன்னிக்கு என்னாச்சு தெரியுமா" என்று தொடங்கியவள், அவன் கையைப் பார்த்தாள். உள்ளங்கை இரண்டும் சிராய்த்துச் சிவந்திருந்தன.

"ஏம்பா படியில வந்தே?"

"முதல்ல நீ சொல்லு. அதான சட்டம்."

"ஏன் படியில வந்தேன்னு கேட்டேன்."

அவன் தலையைச் சொறிந்தான். அப்போது அந்நாட்டு வரலாற்றில் அதுவரை நிகழாதது நிகழ்ந்தது. வென்றவள் எழுந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "நீ உக்காரு" என்றாள். அவன் உட்கார்ந்தான். அவள் கதவு நிலையில் சாய்ந்தாள்.

"ஒரு துணிக்கடை லிஃப்ட். சரி பண்ணிட்டு, ஓட்டிப் பாக்கலாம்னு உள்ள ஏறினேன். ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு. கரண்டும் போச்சு. உள்ள நானு, கூட துணி போடாத கடை பொம்மை மூணு."

"ம்."

"கதவைப் புடிச்சு இழுக்கறேன், தட்டறேன், கத்தறேன். வெளியிலேருந்து ஒருத்தர், 'பயப்படாதீங்க சார், மெக்கானிக்குக்கு போன் போட்டுட்டிருக்கோம்'னாரு."

"அப்புறம்?" என்று சட்டத்தை மீறினாள் அவள்.

"என் பாக்கெட்ல போன் அடிச்சுது."

முதலில் அவள் தோள் குலுங்கியது. பிறகு வாயைப் பொத்தினாள். பொத்திய கை தோற்றது. கதவு நிலை வழியே வழுக்கித் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, கிழக்குச் சுவர் தன் இருமலை நிறுத்திக் காதுகொடுக்கும்படி சிரித்தாள். அவனும் கொஞ்சம் சிரித்தான்.

"சிரி, சிரி. இருட்டுல நான் பயந்தே போயிட்டேன், தெரியுமா? எத்தனையோ பேரை வெளிய எடுத்திருக்கேன். உள்ள இருக்கறது எப்படின்னு இன்னிக்குதான் தெரிஞ்சுது. நீ கேட்டு சிரிச்சேன்னா சரியாப் போயிடும்னு தோணிட்டே இருந்துச்சு. அதான் அப்படி ஓடி வந்தேன்."

அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. தரையில் இருந்தபடியே அவன் உள்ளங்கையை இழுத்து, வில்லையைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மசகைத் தன் துப்பட்டா முனையால் துடைத்தாள்.

"திரும்ப சொல்லு. முதல்லேருந்து."

அவன் திரும்பச் சொன்னான். இம்முறை பொம்மைகள் ஐந்தாயின. அதில் ஒன்றுக்குத் தலை இல்லை. அவள் முன்னினும் பலமாகச் சிரித்தாள். அவன் குரலில் பழைய திமிர் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

அதன்பின்னரே அவள் தன் செய்தியைச் சொன்னாள். எவ்வாறு சொல்ல வேண்டுமென்று பகலெல்லாம் ஒத்திகை பார்த்தாளோ, அவ்வாறு வரவில்லை. தரையில் கால் நீட்டி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். அவன் ஓரிடத்திலும் குறுக்கிடாமல், சொல்லுக்குச் சொல் முறைப்படி 'ம்' கொட்டினான். முதலாளி வில்லையைத் திருப்பிய இடத்தில் இரண்டு 'ம்' வந்தது. முடிந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"உனக்குக் கீழ ரெண்டு பேரா? வீட்ல ஒருத்தன் இருக்கறது பத்தலையா?"

பின்பு, அந்நாற்காலியில் அவன் பாதியும், அதன் கைப்பிடியில் அவள் பாதியுமாக அமர்ந்தனர். பிரம்பு முனகியது, துவைக்கும் எந்திரம் தன் எல்லையோரம் நெளிந்து இடம்விட்டது, இரு கட்டடத்து இடுக்கிலிருந்து வந்த காற்று யார்மேல் விழுவதென்று குழம்பி இருவர்மேலும் விழுந்தது. இன்று வென்றாரும் இல்லை, தோற்றாரும் இல்லை, ஆகவே வெற்றித் தேநீரை இருவரும் சேர்ந்தே வைப்பதென்று அரசாணை பிறந்தது. தளபதியர் இருவரும் தோளோடு தோள் உரசிச் சமையற்கோட்டைக்குள் புகுந்தனர். அவன் அடுப்பில் செந்தழல் எழுப்பினான். அவள் பாத்திரத்தை ஏந்தி, ஏலம் தட்டி, இருபெருங் கோப்பைகளை இரட்டைக் கொடிபோல் நிறுத்தி, பனிவீசும் கருவூலத்தின் கதவைப் பெருமிதம் பொங்கத் திறந்தாள்.

வீட்டில் பால் இல்லை.