அப்டேட் வந்திருக்கு, தொடாதீங்க

"அப்டேட் வந்து நிக்குது. தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு மனைவி செருப்பை மாட்டினாள்.

"நான் எதுக்குத் தொடப்போறேன்?" என்றார் எஞ்சினியர்.

கதவு மூடிக்கொண்டது. படியிறங்கும் சத்தம் பாதியில் நின்றது. மறுபடி ஏறி வந்து, கதவைத் திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"நாலரை மணிக்கு எனக்கு வாசிப்புத் தேர்வு. பதிப்பகத்துக்காரங்க மொத்தப் பேரும் ஆன்லைன்ல உக்காந்து கேப்பாங்க. மைக் வேலை செய்யலைன்னா என் கதை முடிஞ்சுது. புரியுதா?"

"அட, கெளம்பும்மா! நான் என்ன சின்னக் குழந்தையா?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். பஸ்ஸில் ஏறியதும் ஒருதரம் போன் செய்து, "தொடலையே?" என்று மட்டும் கேட்டாள்.

எஞ்சினியர் எஞ்சினியர் இல்லை, இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். சொந்தக்காரர் ஒருவர் வீட்டு மிக்ஸியைச் சரிசெய்து கொடுத்த அன்று இந்தப் பட்டம் கிடைத்தது. அந்த மிக்ஸி அதற்கப்புறம் ஓடவே இல்லை. பட்டத்தைக் கொடுத்தவர்கள் கிண்டலாகத்தான் கொடுத்தார்கள், இவர் நிஜமாகவே வாங்கிக்கொண்டார்.

மனைவி குழந்தைகளுக்கான கதைப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்கிறவள். நல்ல குரல். ஆனால் வாசிக்கத்தான் இடம் இல்லை. வீட்டில் தெருச்சத்தம் கேட்காத ஒரே இடம் படுக்கையறைத் துணி பீரோ. அதன் கதவைத் திறந்து, தொங்கும் சட்டைகளுக்கு நடுவே மைக்கோடு தலையை விட்டுக்கொண்டு, "ஒரு காட்டிலே ஒரு சிங்கமாம்!" என்று கர்ஜிப்பாள். அந்த பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் கம்ப்யூட்டர்.

வீட்டில் இன்னொரு அறை இல்லாமல் இல்லை. ஹாலை ஒட்டி, ஜன்னலே இல்லாத, சத்தமே நுழையாத, அருமையான சின்ன அறை ஒன்று இருந்தது. அதில் எஞ்சினியரின் சாமான்கள் குடியிருந்தன. செத்துப்போன ரேடியோக்கள், மூன்று இறக்கையில் இரண்டு மட்டும் மிஞ்சிய ஃபேன், எந்தப் போனுக்கும் சேராத சார்ஜர்கள், அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வயர். அவர் அதை 'ஒர்க்‌ஷாப்' என்பார். அவள் வேறு பெயர் வைத்திருந்தாள், அதை இங்கே எழுத முடியாது.

போன மாதம் அவர் வாஷிங் மெஷினைச் சரிசெய்ததிலிருந்து, அது துவைக்கும்போது வாசல்வரை நடந்து வர ஆரம்பித்தது. அன்றைக்கு அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"இனிமே என் சாமான் எதுலயாவது கை வெச்சீங்க, அந்த ரூம் எனக்கு. சத்தியம் பண்ணுங்க."

அவர் தன் ஸ்க்ரூடிரைவர்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். அதைவிடப் பெரிய சத்தியம் அவருக்குத் தெரியாது.

ஆகவே அன்று காலை அவர் கம்ப்யூட்டரைத் தொடுவதற்காகப் படுக்கையறைக்குப் போகவில்லை. பார்ப்பதற்காகத்தான் போனார். பார்த்தால் என்ன, தேய்ந்தா போகும்?

திரையில் பளிச்சென்று நின்றது: 'அப்டேட் தயார். இப்போது ரீஸ்டார்ட் செய்யலாமா?'

எவ்வளவு மரியாதையாகக் கேட்கிறது! இந்த வீட்டில் அவரிடம் யார் இப்படி அனுமதி கேட்டிருக்கிறார்கள்? அதுவும் தவிர, சாயங்காலம் அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போது இது தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிட்டால்? இப்போதே முடித்துவைத்தால் அவளுக்குத்தானே நல்லது? நியாயமாகப் பார்த்தால் இது தொடுவதே இல்லை, உதவி.

அமுக்கினார்.

நீல வட்டம் சுற்றியது. சுற்றி முடித்ததும் கடவுச்சொல் கேட்டது. மவுஸை அசைத்தார், அம்பு அசையவில்லை. கீபோர்டைத் தட்டினார், ஒரு எழுத்தும் விழவில்லை. மைக்கில் எப்போதும் எரியும் பச்சைப் பொட்டு அணைந்திருந்தது.

"ஐயையோ!" என்றார் எஞ்சினியர், யாரும் இல்லாத வீட்டில்.

மூன்றையும் பிடுங்கி, ஊதி, திரும்பச் சொருகினார். ஒன்றும் நடக்கவில்லை. முன்னால் இருந்ததைப் பின்னால் சொருகினார், பின்னால் இருந்ததை முன்னால் சொருகினார். பட்டனை அமுக்கி அணைத்துப் போட்டார். கம்ப்யூட்டர் மட்டும் ஜம்மென்று எழுந்து, அதே கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்றது.

மச்சானுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி, ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. ஆள் எடுக்கிற பிரிவில் இருக்கிறான் பாவம்.

"மாமா, அது ரொம்ப சிம்பிள். செட்டிங்ஸ்ல போயி, டிவைஸ் மேனேஜரைத் தெறங்க."

"எப்படிடா திறக்கிறது? மவுஸ்தான் செத்துப் போச்சே."

"அப்ப கீபோர்டுல போங்க."

"அதுவும் செத்துப் போச்சு."

"ஓ..." மச்சான் யோசித்தான். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"ரீஸ்டார்ட் பண்ணித்தாண்டா இந்த லட்சணம்!"

"அப்ப வேற மவுஸ் போட்டுப் பாருங்க மாமா. இருங்க, அக்கா உங்களைத் தொடவேணாம்னு..."

"அக்காகிட்ட மூச்சு விட்டே, உன்னைத் தொலைச்சுடுவேன்!"

வேற மவுஸ்! எஞ்சினியருக்குப் புது உயிர் வந்தது. இதற்காகத்தானே இத்தனை வருஷம் திட்டு வாங்கிக்கொண்டு சேர்த்து வைத்தார்? 'ஒரு நாள் உதவும், ஒரு நாள் உதவும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தாரே, அந்த நாள் வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தார்.

முதல் பெட்டியில் ஒரு மவுஸ் கிடைத்தது. அதன் நுனி வட்டமாக இருந்தது, இப்போது எந்தக் கம்ப்யூட்டரிலும் வட்ட ஓட்டை கிடையாது. இரண்டாவது பெட்டியைப் பிரிக்க இடம் போதாமல், முதல் பெட்டியை ஹாலில் கொண்டுபோய் வைத்தார். இரண்டாவதில் சரியான நுனியோடு ஒரு மவுஸ் இருந்தது. சொருகினார். அம்பு அசையவில்லை.

மவுஸ்தான் மக்கரா, கம்ப்யூட்டர் மக்கரா? டி.வி.யிலும் ஒரு யு.எஸ்.பி. ஓட்டை இருப்பது நினைவுக்கு வந்தது. அதில் சொருகிப் பார்த்தார். அம்பு சிட்டாகப் பறந்தது! சந்தோஷத்தில் எதையோ இரண்டு தரம் அமுக்கிவிட்டார். டி.வி. மொத்தமும் அவர் ஜன்மத்தில் பார்த்திராத ஒரு பாஷைக்கு மாறிவிட்டது. திரும்ப மாற்ற வழி தேடினால், வழிகாட்டுகிற பலகையும் அதே பாஷையில்தான் இருந்தது.

சரி, டி.வி. அப்புறம். முதலில் தலைபோகிற வேலை.

ஆக, மவுஸ் நல்ல மவுஸ். தப்பு ஓட்டையில்தான். ஒரே ஓட்டையை நாலாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி ஒன்று அவரிடம் இருந்தது, அது அடுக்கின் அடியில் எங்கேயோ. ரேடியோக்களை வெளியே எடுத்தார். ஃபேனை எடுத்தார். சார்ஜர் பெட்டிகள், வயர் பெட்டிகள், கதவில்லாத ஒரு மைக்ரோவேவ், எல்லாம் ஹாலுக்கு வந்தன. சோபா மறைந்தது. கடைசிப் பெட்டியின் அடியில் அந்த நாலு ஓட்டைப் பெட்டி கிடைத்தது. சொருகினார். இப்போது ஒன்றுக்குப் பதிலாக நாலு ஓட்டையிலும் ஒன்றும் வேலை செய்யவில்லை.

மறுபடி மச்சான்.

"மாமா, ஒருவேளை உள்ள தூசியா இருக்கும்."

தொடக்கூடாது என்று சத்தியம் செய்தது வெளிப்பக்கத்தைத்தான், உள்பக்கத்தைப் பற்றிப் பேச்சே வரவில்லை. இப்படி மனதைத் தேற்றிக்கொண்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, சத்தியம் செய்த அதே ஸ்க்ரூடிரைவரால் பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளே தூசி இருந்தது. பழைய பிரஷ் ஒன்றால் தட்டினார். தூசி போயிற்று, தும்மல் வந்தது, வேறு எந்த மாற்றமும் இல்லை. மூடியைத் திருப்பி மாட்டப் போனால் ஒரு திருகாணியைக் காணோம்.

பிரஷ் எடுக்க ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோதுதான் விழுந்திருக்க வேண்டும். அங்கே மிச்சமிருந்த மூட்டைகளையும் வெளியே இழுத்துப் போட்டார். தரை முழுக்கப் பெருக்கினார். மூலையில் ஒட்டடை தட்டினார். அப்புறமும் கிடைக்காமல், ஈரத்துணி போட்டுத் துடைத்தார். ஒட்டினால் துணியில் ஒட்டுமே! திருகாணி கடைசியில் அவர் சட்டைப்பையில் இருந்து கிடைத்தது.

வெறுமையான அறையின் நடுவே வந்து நின்றார். போன வாரம் அவள் இதே வாசற்படியில் அளவு நாடாவோடு நின்றது ஞாபகம் வந்தது. என்ன என்று கேட்டதற்கு, "ஜன்னலுக்குத் திரை தைக்க" என்றாள். பாவம், ஜன்னல் இல்லாத அறைக்குக்கூடத் திரை தைக்க நினைக்கிற மனசு. எத்தனை மாதமாக இந்த வாய்ப்புக்கு ஏங்கிக்கொண்டிருந்தாள்! ராத்திரி தூக்கத்தில்கூட வாசித்தாளே! என் பாழாய்ப்போன கையால் எல்லாம் போச்சு என்று நிஜமாகவே கலங்கிப் போனார்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

நாலு மணிக்குச் சற்று முன்னதாகவே வந்துவிட்டாள். ஹாலில் கால் வைக்க இடம் இல்லாமல் வாசலிலேயே நின்றாள். டி.வி.யைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

எஞ்சினியர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். "அது... ஒர்க்‌ஷாப்பைக் கொஞ்சம் சுத்தம் பண்ணலாம்னு. உனக்கு ஒரு... இன்ப அதிர்ச்சி."

"அப்படியா? எனக்காகவா?" அவள் கண்ணை அகல விரித்தாள். பெட்டிகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து படுக்கையறைக்குப் போனாள். அங்கே கம்ப்யூட்டர் வயிற்றைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

"அப்டேட்டை அமுக்கினீங்களா?"

"அமுக்கிட்டேன்."

"எல்லாம் போயிடுச்சா?"

"எல்லாம் போயிடுச்சும்மா. பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன், எதுவும் வரலை. என்னை எது வேணா சொல்லு, நான் வாயே திறக்க மாட்டேன்."

குனிந்து, சுவரில் இருந்த கரண்ட் வயரைப் பிடுங்கினாள். கம்ப்யூட்டரின் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தாள். வயரைத் திரும்பச் சொருகி, பட்டனைத் தட்டினாள். மவுஸ் ஓடியது, கீபோர்டு எழுதியது. மைக்கில் பச்சைப் பொட்டு எரிந்தது.

எஞ்சினியர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். "எப்படி?"

"ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இது இப்படித்தான் அடம்பிடிக்கும். வயரைப் பிடுங்கிப் போட்டா வழிக்கு வந்துடும். வீட்டுல இருக்கிற அத்தனையும் பிடுங்கினீங்களே, இதைப் பிடுங்கலையா?"

"அது யு.எஸ்.பி. இல்லையே" என்றார் அவர் ஈனஸ்வரத்தில்.

அப்புறம் அவர் ஒரு காரியம் செய்தார். ஸ்க்ரூடிரைவரை எடுத்து இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"சத்தியம்னா சத்தியம். இன்னையிலிருந்து அந்த ரூம் உனக்கு."

"ஐயோ, வேணாங்க" என்றாள் அவள். "உங்களுக்கு அந்த ரூம்னா உசுரு. நான் பீரோவுக்குள்ளயே வாசிச்சுக்கிறேன். எனக்குப் பழகிடுச்சு."

"அதெல்லாம் முடியாது!"

"எத்தனை வருஷமா சேத்து வெச்சது..."

"நாளைக்கே பழைய சாமான்காரனைக் கூப்பிட்டுப் போடறேன். நீ குறுக்கே பேசாதே! இனி நீ பீரோவுக்குள்ள தலையை விடறதைப் பாத்துக்கிட்டு நான் இருக்க மாட்டேன்."

"நீங்க இவ்வளவு வற்புறுத்தும்போது நான் என்ன செய்ய?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. கண்ணில் தூசி விழுந்திருக்கலாம்.

வாசலில் அழைப்புமணி அடித்தது. எஞ்சினியர் பெட்டிகளைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தார். ஒரு புது மேசையை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் நின்றார்கள்.

"வீடு மாறி வந்துட்டீங்கப்பா. நாங்க மேசை எதுவும் கேக்கலையே."

முன்னால் நின்றவர் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, அவர் தலைக்குமேலே எட்டி, பளபளவென்று துடைத்துக் கிடந்த சின்ன அறையைப் பார்த்தார்.

"இந்த வீடுதான் சார். அம்மா போன வாரமே சொல்லிட்டாங்களே, 'கம்ப்யூட்டருக்கு அப்டேட் வந்ததும் போன் பண்றேன், அன்னைக்கு நாலு மணிக்குக் கொண்டு வாங்க, எங்க வீட்டுக்காரரே ரூமைக் காலி பண்ணிப் பெருக்கித் துடைச்சு வெச்சிருப்பாரு'ன்னு!"