அக்கறையை வாபஸ் வாங்கும் படிவம்

மனித குலம் இதுவரை செய்த முயற்சிகளில் தலைசிறந்தது எது என்று கேட்டால், அந்த நகரத் திட்ட அலுவலகம் வெளியிட்ட 'நன்னடத்தை விதிகள் நாற்பத்தொன்று' என்றுதான் சொல்ல வேண்டும். நெருப்பு, சக்கரம் எல்லாம் அதற்கப்புறம்தான். விதிகளை லேமினேட் செய்து நான்காவது மாடியில் லிஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். லிஃப்ட் ஓடாததால் அங்கே யாரும் நிற்பதில்லை. அதனால் விதிகள் ஒரு கைரேகைகூடப் படாமல் பளபளவென்று இருந்தன.

அவற்றை முதலிலிருந்து கடைசி வரை படித்தவள் ஒருத்திதான். கைப்பையில் எப்போதும் ஓர் அளவுகோல் இருக்கும் என்பதால் அவளுக்கு 'ஸ்கேல் மேடம்' என்று பெயர். பத்தொன்பது வருட சர்வீஸில் ஒரு பொய்க் கையெழுத்து போட்டதில்லை. ஒருமுறை அரைநாள் விடுப்புக் கடிதத்தில், காரணம் என்ற இடத்தில் 'சினிமா' என்றே எழுதினாள். விடுப்பு கிடைக்கவில்லை. ஆனால் அன்று முழுக்க நெஞ்சுக்குள் இதமான ஒரு கதகதப்பு. அதில் குளிர்காய்ந்தே பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டாள்.

விதிகளின் சிகரம் ஆறாவது விதி: 'ஒரு திட்டம் அமையும் இடத்தோடு ஒட்டோ உறவோ உள்ள எவரும் அதைப் பற்றிய கூட்டத்தில் இருக்கலாகாது.' எவ்வளவு நியாயம்! சொந்த வீட்டு வாசலுக்குச் சாலை போட்டுக்கொள்ளும் அதிகாரிகளுக்குக் கடிவாளம். நன்னடத்தை அலுவலர் அதை இன்னும் கூர்தீட்டினார். குடியிருப்பது ஒட்டு. நடந்து போவது ஒட்டு. பஸ்ஸுக்காகக் காத்து நிற்பதும் ஒட்டு. ஓர் இடத்தைப் பார்த்துவிட்டால் அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வந்துவிடுகிறது. அபிப்பிராயம் வந்ததும் நடுநிலை ஓடிவிடுகிறது. ஆகவே ஓர் இடத்தின் தலையெழுத்தை எழுதத் தகுதியானவர், அந்த இடத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்.

அன்றைய கூட்டத்தின் பொருள் கால்வாய் நடைபாலம். அதை இடித்து, கால்வாயை மூடி, மேலே நான்கு மாடிக் கார் நிறுத்தம் கட்டுவது என்று திட்டம். ஸ்கேல் மேடத்தின் அக்கா அந்தப் பாலத்தின் வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். அங்கே சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. பாலம் வழியாக ஏழு நிமிடம். பாலம் போய்விட்டால் பெரிய சாலையைச் சுற்றி நாற்பது நிமிடம், தேய்ந்த முழங்காலை இழுத்துக்கொண்டு.

காலையிலேயே அக்கா போன் செய்தாள்.

"இன்னிக்குத்தானேடி மீட்டிங்? நீ இருப்பல்ல?"

"நான் இருக்கக் கூடாதுக்கா. அந்தப் பாலத்துல நான் நடக்கறேன். நீயும் நடக்கறே."

"அப்ப யாருதான் இருப்பா?"

"நடக்காதவங்க."

"அடிப்பாவி! நீச்சல் தெரிஞ்சவங்களை எல்லாம் கரையேத்திட்டு, தெரியாதவங்களை வெச்சு ஆழம் பார்க்கறீங்களா?"

ஸ்கேல் மேடம் போனை வைத்துவிட்டு, அளவுகோலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

பதினோரு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. தொடங்கியதுமே காலியாகவும் தொடங்கியது. முதலில் எழுந்து போனவள் அவள்தான். பின்னாலேயே வடிகால் பொறியாளர் வந்தார். அந்தப் பாலத்தில் அவரை ஒரு நாய் கடித்திருக்கிறது; 'உணர்ச்சி சம்பந்தம்'. அடுத்து வரைபடக்காரர். பாலத்தைப் படத்தில் வரைந்தது அவர் கை; 'பெற்ற பாசம்'. மரங்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மா கால்வாய்க் கரையில் ஒரு மரத்துக்கு ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றியவர்; நெருங்கிய சொந்தம்.

பாலத்தைப் பற்றித் தெரிந்த அத்தனை பேரும் இப்போது நடைக்கூடத்து பெஞ்சில் இருந்தார்கள். பத்தே நிமிடத்தில் விஷயம் முடிந்துவிட்டது.

"கைப்பிடி துருப்பிடிச்சிருக்கு. அதை மாத்தி ரெண்டு விளக்கு போட்டா போதும்," என்றார் வடிகால் பொறியாளர்.

"காரெல்லாம் பழைய கிடங்கு இடத்துல நிக்கட்டுமே. சும்மாதானே கிடக்கு?" என்றார் வரைபடக்காரர்.

"இதை எழுதி உள்ளே கொடுத்துடலாமா?" என்று கேட்டார் மரத்து அம்மா.

"பதினேழாவது விதி," என்றாள் ஸ்கேல் மேடம் சோகமாக. "வெளியே போனவங்க கருத்து உள்ளே போகக் கூடாது."

"காத்தாவது போகலாமா?"

"ஏசி ரூம். அதுவும் போகாது."

அப்போது கதவு திறந்தது. நன்னடத்தை அலுவலர் வியர்த்துப்போய் நின்றார்.

"உள்ளே தலைவரும், திட்டத்தைப் படம் போட்டுக் காட்ட வந்த நம்ம ஸ்லைடு சாரும்தான் இருக்காங்க. தீர்மானம் போட மூணு பேர் வேணும். யாராவது ஒருத்தர் வாங்களேன்!"

"எங்களுக்கெல்லாம் ஒட்டு இருக்கே சார்?"

"இருந்தா என்ன? படிவம் ஒன்பது இருக்கு. அக்கறையை வாபஸ் வாங்கிக்கலாம்."

"வாபஸ் வாங்கினா அக்கறை போயிடுமா?" என்றார் மரத்து அம்மா.

"ரெண்டு பிரதி கொடுத்தா போயிடும்."

படிவம் ஸ்கேல் மேடத்தின் மடியில் வந்து விழுந்தது. 'மேற்படி இடத்தின் மீதோ, அதைப் பயன்படுத்தும் எவர் மீதோ எனக்கு இன்று முதல் யாதொரு அக்கறையும் இல்லை என உளமார உறுதியளிக்கிறேன்.' அவள் இரண்டு தடவை படித்தாள். உளமார. பெஞ்சில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

பேனா கையில் கனத்தது. பத்தொன்பது வருடமாக இந்தக் கையைச் சுத்தமாக வைத்திருந்தது நேர்மைக்காகவா, இல்லை, சுத்தமான கையைத் தானே பார்த்துப் பார்த்து மகிழ்வதற்காகவா? இதுவரை அந்தக் கேள்வியை அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதே இல்லை. கேட்டதும் பதிலும் வந்துவிட்டது. அது அவ்வளவு அழகாக இல்லை. தன் கதகதப்புக்கு இத்தனை நாளும் யாரோ விறகு பொறுக்கியிருக்கிறார்கள் என்று தோன்றியது. அக்காவின் முழங்கால் ஞாபகம் வந்தது.

கையெழுத்து போட்டாள். இரண்டு பிரதியிலும்.

உள்ளே ஸ்லைடு சார் திரையில் படம் காட்டிக்கொண்டிருந்தார். படத்துக் கார் நிறுத்தத்தின் உச்சியில் மேகங்கள். கீழே பலூனோடு சிரிக்கும் குடும்பம். கார் மட்டும் ஒன்றுகூட இல்லை.

"பாலத்துல ஒரு நாளைக்கு எத்தனை பேர் சார் நடக்கறாங்க?" என்றாள்.

"பதினோரு பேர். எண்ணிட்டோம்."

"எப்ப?"

"ஞாயித்துக்கிழமை. நல்ல மழை. இறங்கினா ஒட்டு வந்துடும்னு, தெருமுனையில காரை நிறுத்தி உள்ளே இருந்தே எண்ணினோம்."

"கட்டப்போற கம்பெனி உங்க மச்சானோடதாமே?"

"ஆமா. அதுக்கென்ன?" என்றார் அவர் வெள்ளந்தியாக.

அவள் தலைவரைப் பார்த்தாள். தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"பதினாலாவது விதி. குடும்பம்னா மனைவி, மக்கள், பெற்றோர். மச்சான் இதுல வரமாட்டார்மா."

"விதியில வரமாட்டார் சார். வீட்டுக்கு வருவாரே?"

"வீடு நம்ம வரம்புக்குள்ள இல்ல," என்றார் தலைவர் கம்பீரமாக. "சரி, எல்லாரும் சம்மதம்தானே?"

"இல்ல சார். நான் எதிர்க்கறேன். செவ்வாய்க்கிழமை காலையில ஆறு மணியிலேர்ந்து பத்து மணி வரைக்கும் மட்டும் ஆயிரத்து நானூத்துப் பன்னிரண்டு பேர் நடந்தாங்க. அதுல முப்பத்தெட்டு பேர் ஊன்றுகோலோட."

மூவரில் ஒருவர் எதிர்த்தாலும் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்பது முப்பத்துமூன்றாவது விதி. இத்தனை வருடத்தில் அது தேவைப்பட்டதே இல்லை என்பதால், அப்படி ஒன்று இருப்பதே தலைவருக்குத் தெரியாது. ஸ்கேல் மேடம் பக்க எண்ணோடு சொன்னாள். பாலம் பிழைத்தது.

ஆனால் நன்னடத்தை அலுவலர் தூங்குகிற ஆள் இல்லை.

"அக்கறை இல்லைன்னு எழுதிக் கொடுத்தீங்க. அப்புறம் ஊன்றுகோல் வரைக்கும் எப்படித் தெரியும்?"

"நின்னு எண்ணினேன் சார்."

"ஏன் நின்னீங்க?"

"அக்கறைதான்."

"அப்ப படிவத்துல எழுதினது?"

"பொய் சார்," என்றாள். சொன்னபோது அந்தப் பழைய கதகதப்பு வருமென்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பதிலாக, நாள் முழுக்கக் கடித்த செருப்பைக் கழற்றிவிட்டது போல இருந்தது.

விசாரணை ஒரு வாரம் நடந்தது. ஸ்கேல் மேடத்துக்கு எழுத்துமூலம் கண்டனம். ஒரு வருடப் பதவி உயர்வு ரத்து. ஸ்லைடு சாருக்கு, ஒரு விதியைக்கூட மீறாமல் ஒரு திட்டத்தைக் கடைசிவரை நடத்தியதற்காக, 'ஆண்டின் சிறந்த நடுநிலையாளர்' கேடயம். விழாவில் மச்சான்தான் முதலில் கை தட்டினார்.

"உனக்கு இது தேவையாடி?" என்றாள் அக்கா போனில். குரலில் கண்ணீரா சிரிப்பா என்று தெரியவில்லை. பின்னால் சலவை இயந்திரம் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"தெரியலக்கா. நீ எத்தனை நிமிஷத்துல போனே?"

"ஏழு."

"அது போதும்."

அலுவலகத்தின் பெருமையை இனி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதன் ஆண்டறிக்கையே தெளிவாகச் சொல்கிறது: 'இந்த ஆண்டு நடந்த ஒழுக்க மீறல்: ஒன்று. மக்கள் கேட்டபடி முடிந்த திட்டம்: ஒன்று. அடுத்த ஆண்டு இவ்விரண்டும் ஒருமுறைகூட நிகழாமல் பார்த்துக்கொள்ள உறுதி பூண்டுள்ளோம்.'