அழகுராஜாவின் தொண்டை போன கதை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பழங்காநத்தத்திலிருந்து ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன் பசுபதியின் வணக்கம். நானும் வீட்டாரும் நலம். மதுரை வெயிலும் குறைவின்றி நலமாக இருக்கிறது. தங்கள் நிருபர் மாதங்கி சென்ற வாரம் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார். "இசையமைப்பாளர் அழகுராஜா முதல்ல உங்க குழுவுல பாடகராத்தானே இருந்தார், அப்புறம் ஏன் சார் பாடவே இல்லை?" அப்போது நான் கோரிப்பாளையம் சிக்னலில் பஸ் படியில் நின்றிருந்தேன். "வீட்டுக்குப் போய்ச் சொல்றேம்மா" என்றேன். இதோ சொல்கிறேன்.

எங்கள் குழுவில் மூன்றே பேர். செல்போன் கடையில் வேலை பார்த்த அழகுராஜா பாடுவான் (இன்று 'பாடுவார்' என்று எழுத வேண்டும், கை வர மாட்டேன் என்கிறது), ஷேர் ஆட்டோ ஓட்டிய சோணை டிரம்ஸ், நான் கீபோர்டு. திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒரு சாயங்காலக் கச்சேரி. மறுநாள் காலையில் அழகுராஜாவுக்கு வானொலியில் குரல் தேர்வு. அதற்காக மாதக்கணக்கில் ஜிகர்தண்டாவையே தொடாமல் இருந்தவன், "நாலு பாட்டுத்தான் சார், அதுக்கு மேல தொண்டை தாங்காது" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். நாலாவது, அம்மன் பாட்டு. சோணை கொஞ்சம் உற்சாகமாக அடிக்க, முன்வரிசை முருகம்மாளுக்குச் சாமி வந்துவிட்டது. அந்த ஊர் வழக்கப்படி சாமி மலையேறும்வரை பாட்டும் அடியும் நிற்கக் கூடாது. நிறுத்தினால் அம்மன் கோபிப்பாள், ஊரும் கோபிக்கும். இரண்டாவது உடனே நடக்கும். பாட்டு முடிந்தது, சாமி ஆட்டம் முடியவில்லை. திரும்பத் திரும்பப் பாடினான். மைக்கைப் பொத்திக்கொண்டு, "சார், தொண்டை போகுது" என்றான். "தொண்டைதான மாப்ள போகுது, நிறுத்துனா நாம ஊரு போய்ச் சேர மாட்டோம், பாடு" என்றான் சோணை. குரல் அடியோடு அடைத்ததும் கையால் பேச ஆரம்பித்தான். என்னை மேல் ஸ்வரத்துக்கு ஏறச் சொன்னான், சோணையை நிறுத்தி நிறுத்தி அடிக்கச் சொன்னான். எங்கள் இருவருக்கும் தெரியாத ஒரு மெட்டை நாங்களே வாசித்துக்கொண்டிருந்தோம். குக்கரில் ஒரு வழி அடைத்தால் ஆவி இன்னொரு வழியாக வருமே, அப்படி. கடைசியில் சோணையின் குச்சி ஒடிந்தது. அம்மன் கருணையைப் பாருங்கள், அந்த நொடியே சாமி மலையேறியது.

மறுநாள் தேர்வில் அழகுராஜா வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. நேராக என் வீட்டுக்கு வந்து, "சார், அந்தக் கீபோர்டைக் கொஞ்ச நாள் குடுங்க" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினான். ஆக, அவனை இசையமைப்பாளன் ஆக்கியது அம்மனின் திருவுள்ளமே. இதை அப்படியே அச்சிடலாம்.

தங்கள் பத்திரிகை தழைக்கவும், இல்லத்தார் நோயின்றி வாழவும் வேண்டும்,
அன்புள்ள
பசுபதி

பி.கு.: அச்சிட வேண்டாம். சரிபார்க்க நேற்று முருகம்மாளைப் போய்ப் பார்த்தேன். "ஏம்மா, அன்னைக்குச் சாமி ஏன் அம்புட்டு நேரம் இறங்கல?" என்றேன்.

"அது எப்பவோ மலையேறிருச்சுய்யா. நீங்கதான் அடிக்கிறத நிறுத்தல. அடி விழுகையில நான் பாட்டுக்கு உக்காந்தா ஊரு என்ன நினைக்கும்? எப்ப நிறுத்துவாய்ங்கன்னு உங்க மூஞ்சியவே பாத்துப் பாத்து ஆடுனேன். மூணு பேருல ஒரு ஆளுக்காவது கேக்கத் தோணுச்சா?"

கேட்டிருந்தால் அழகுராஜா இன்று என்னவாகியிருப்பான்? அந்தச் சோதனையை இனிச் செய்ய முடியாது. ஆனால் தாங்கள் ஒன்று செய்யலாம். யாருக்காகவோ நிறுத்த முடியாமல் எதையாவது செய்துகொண்டிருந்தால், நிறுத்தட்டுமா என்று அவரிடமே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.