பூமாலை போட்ட பிரேக்

கொச்சபம்பாவில் கார்ப் பட்டறை வைத்துப் பேரோடு இருக்கும் தம்பி எலோய்க்கு, எல் ஆல்ட்டோவிலிருந்து அக்கா பசிலியா எழுதுவது. உன் மனைவி, பிள்ளைகள், பட்டறை நாய் எல்லோரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே நாங்களும் நலம்தான், உயிரோடு இருப்பதை நலம் என்று சொல்லலாம் என்றால்.

அந்தப் பழைய வேனை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகும்போது நீ என்ன சொன்னாய்? "அத்தான், வாரா வாரம் ஆயில் பாருங்க, டயர்ல காத்து பாருங்க, பிரேக்கை மட்டும் அசால்ட்டா விடாதீங்க. காசும் மிச்சம், உசுரும் மிச்சம்" என்று படித்துப் படித்துச் சொன்னாய். உன் அத்தான் செவெரினோவும் பலமாகத் தலையாட்டினார். தலையாட்டியவர் ஆயில் பார்த்தாரா? நேரே கோப்பகபானாவுக்கு ஓட்டிப்போய் மாதா கோயில் வாசலில் வண்டிகளோடு வண்டியாக வரிசையில் நிறுத்தினார். பாதிரியார் தீர்த்தம் தெளித்தார், பானெட்டைத் திறக்கச் சொல்லி என்ஜினுக்கும் தெளித்தார். இவர் பூமித்தாய்க்கென்று நாலு சக்கரத்திலும் பீர் ஊற்றி, கலர் காகிதத் துண்டுகளை வாரி இறைத்து, முன்பக்கம் முழுவதையும் பூமாலையால் மூடினார். "ஏங்க, ரேடியேட்டருக்குக் காத்து போகணும்னு தம்பி சொன்னானே" என்றேன். "பாதிரியாரே மந்திரிச்சுட்டார்டி. உன் தம்பி என்ன அவரைவிடப் பெரிய ஆளா?" என்றார். திரும்பும் வழியில் மேடு ஏறும்போது பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி. நான் வண்டியை நிறுத்தச் சொல்கிறேன், இவர் "அன்னை ஏத்துக்கிட்டா, சாம்பிராணி கிளம்புது பாரு" என்கிறார்! அப்புறம் மிச்சமிருந்த பீரை ரேடியேட்டரில் ஊற்றி வீடு வந்து சேர்ந்தோம். அன்றிலிருந்து வேனுக்குள் சாராயக்கடை வாடை. ஹீட்டரைப் போட்டால் காகிதத் துண்டு மூஞ்சியில் பறக்கிறது.

அதுகூடப் போகட்டும். கொஞ்ச நாளாக பிரேக் கீச்சுக் கீச்சென்று கத்தியது. சொன்னால் "குருவி பாடுது" என்று சிரிப்பார். போன வியாழக்கிழமை உருளைக்கிழங்கு மூட்டைகளோடு லா பாஸ் சந்தைக்கு இறங்குகிறோம். அந்தச் சரிவு உனக்கே தெரியும். பாதி வழியில் பிரேக்கை மிதித்தால் கால் அடிவரைக்கும் போகிறது, வண்டி நிற்கவில்லை. இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சிலுவை போட்டார். "யோவ், முதல்ல கையை ஸ்டியரிங்ல வையி! கியரைக் குறைய்யா!" என்று கத்தினேன். வீடு கட்டுகிற யாரோ புண்ணியவான் ஓரத்தில் மணல் கொட்டி வைத்திருந்தான், அதில் போய்ச் சொருகி நின்றது. மூட்டை அவிழ்ந்து கிழங்கெல்லாம் எங்களுக்கு முன்னால் சந்தைக்கு உருண்டு போய்விட்டது. எலோய், நான் செத்தேன் என்றே நினைத்தேன். அப்போதும் அவர், "பாத்தியா, ஆசீர்வாதம் காப்பாத்திடுச்சு" என்கிறார். "மணல்யா காப்பாத்திச்சு!" என்றேன்.

பிரேக்கைக் கழற்றிப் பார்த்தால் பூசையில் பாதிரியார் நாக்கில் வைக்கிற அப்பம் மாதிரி தேய்ந்திருக்கிறது. எல்லாம் புதுசு போடக் கொடுத்திருக்கிறேன். இனிமேல் பூவுக்கும் பீருக்கும் என் கையால் ஒரு காசு கிடையாது. ஆயில், டயர், பிரேக், அவ்வளவுதான் எங்கள் வழிபாடு. நீ அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பி வந்து உன் அத்தானை நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போ.

அன்னை உன் பட்டறையையும் உன் கைவிரல் பத்தையும் பத்திரமாக வைக்கட்டும். பனியில் போட்டுக் காயவைத்த நம் உருளைக்கிழங்கு, சுன்யோ, ஒரு மூட்டை அனுப்புகிறேன், ஊறவைத்துச் சமைக்கச் சொல்.

உன் அக்கா,
பசிலியா

பின்குறிப்பு: தம்பி, நீ வர வேண்டாம். வேன் புதுப் பிரேக்கோடு வந்துவிட்டது. உன் அத்தானும் திருந்திவிட்டார். காலையிலேயே ஆயில் குச்சியை உருவித் துடைத்துப் பார்க்கிறார், டயருக்குக் காற்றடித்துவிட்டு "ஏறு, சந்தைக்கு நேரமாச்சு" என்கிறார். நான்தான் ஏறவில்லை. பாதிரியார் மந்திரித்தது பழைய பிரேக்கைத்தானே? அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. புதுசின் மேல் ஒரு சொட்டுத் தீர்த்தம் படவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோப்பகபானா போகிறோம். அவர் வேனில் வரட்டும், நான் பஸ்ஸில் போகிறேன். ரேடியேட்டரை மறைக்காமல் மாலை கட்டுவது எப்படி என்று மட்டும் உடனே எழுது.