செய்தி வாசிக்கும் மருமகளும் பேசின் பிடிக்கும் மாமனாரும்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா, அத்தான் மாத்திரைகளை ஒழுங்காக விழுங்குகிறாரா அல்லது பழையபடி ஜன்னல் வழியே வீசுகிறாரா என்று முதலில் விசாரித்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் நீ அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து நிற்பாய். ஆகவே அந்த இடத்தைக் காலியாக விட்டு மேலே போகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. உன் புது வீட்டைப் பார்க்க என் மருமகள் வரவில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். அதோடு நிற்கவில்லை. "உடம்பு சரியில்லையாம், ஆனா தினமும் காலைல ரேடியோவுல கணீர்னு நியூஸ் வாசிக்கிறாளே, அதுக்கு மட்டும் உடம்பு நல்லா இருக்குதா? நாங்களும்தான் மசக்கைப்பட்டோம், மூணு பெத்தோம்" என்றும் எழுதியிருந்தாய். எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு வரவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "அத்தைக்கே தெரியலன்னா நான் ஒழுங்காத்தான் வாசிச்சிருக்கேன் மாமா" என்றாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போனவள் வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். அதனால் அவளுக்குப் பதிலாக நான் எழுதுகிறேன்.

அக்கா, இது நீ பட்ட மசக்கை இல்லை. டாக்டரம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "மசக்கைன்னு பேர் வெச்சு வீட்ல போட்டுடாதீங்க. இது நோய். குடிச்ச தண்ணிகூட நிக்கலன்னா யோசிக்காம கூட்டிட்டு வாங்க." தண்ணீர் நிற்பதில்லை. ஒரு வாய் குடித்தால் மூன்று வாய் வெளியே வருகிறது, அந்தக் கணக்கு எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வயிற்றில் ஓர் ஆள் கூடியிருக்க, உடுத்தும் துணியெல்லாம் தொளதொளத்துப்போய் ஊக்கு போட்டு நிறுத்தியிருக்கிறாள். மூக்கோ, சொன்னால் நம்பமாட்டாய், எதிர் வீட்டு மாடியில் ஆரஞ்சு உரித்தால் இங்கே படுக்கையில் இருந்தபடி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வெங்காயம் போயிற்று, காப்பி போயிற்று, சோப்பு போயிற்று, கடைசியில் என் தலைச்சாயமும் போயிற்று. இப்போது என் தலை பஞ்சுப்பொதி. உன்னோடு தெருவில் நடந்தால் என்னை உன் தம்பி என்று யாரும் சொல்லமாட்டார்கள், உன் சித்தப்பா என்பார்கள்.

என் மகன் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். கட்டட வேலை மேற்பார்வை பார்ப்பவன், எந்த உயரத்துச் சாரத்திலும் ஏறுவான். ஆனால் இவள் குமட்டும் சத்தம் கேட்டால் அவனுக்கும் வாந்தி வந்துவிடுகிறது. ஒருநாள் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இவன் நெற்றியைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள். அன்றே அவனைப் பேசின் பிடிக்கும் பதவியிலிருந்து நீக்கினேன். பாவம், அவன் சும்மா இருக்கவில்லை. மூக்கில் துணிக் கிளிப்பை மாட்டிக்கொண்டு வீட்டுத் துணி முழுவதையும் தினமும் அவனே துவைத்துப் போடுகிறான். அவளோடு வேலைக்குப் போவது என் பொறுப்பாயிற்று. ஒரு பை வைத்திருக்கிறேன். அதில் பேசின், துண்டு, வாய் கொப்பளிக்கத் தண்ணீர், பிளாஸ்கில் ஐஸ் துண்டுகள். ரேடியோ ஸ்டேஷன் வாட்ச்மேன் முதலில் பையைச் சோதித்தார். பேசினைப் பார்த்ததிலிருந்து சலாம் வைத்து உள்ளே அனுப்புகிறார்.

வேலையை விட்டுவிடேன்மா என்று நானும் கேட்டேன். "வீட்ல படுத்திருந்தா நான் வெறும் வயிறு மாமா. வேற ஒண்ணுமே இல்ல. மைக் முன்னால கொஞ்ச நேரமாவது நான் நானா இருக்கேன்" என்றாள். பேசினைக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வாசிக்கும் அறைக்குள் என்னை விடுவதற்குச் செய்தி ஆசிரியர் யோசித்தார், பிறகு அவரே கதவைத் திறந்துவிட்டார். செருப்பு கிரீச்சிடும் என்று வெறுங்காலோடு உட்கார வேண்டும். இருமிவிடுவேனோ என்ற பயத்திலேயே தொண்டை அரிக்கும், கண்ணில் நீர் வரும், அடக்கிக்கொள்வேன். அவளுக்கும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்ஜினியருக்கும் ஒரு ஏற்பாடு. அவள் சுண்டுவிரலைத் தூக்கினால் அவர் இசையைப் போட்டுவிடுவார். இவள் குனிவாள், நான் பேசினை நீட்டுவேன், கொப்பளிப்பாள், ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்குவாள். இசை முடியும்போது, "செய்திகள் தொடர்கின்றன" என்று ஒரு குரல் வரும் பார், இப்போதுதான் குளித்துத் தலைவாரி வந்து உட்கார்ந்தவள் குரல் மாதிரி. ஒரே ஆளின் உடம்பில் இருந்துதான் இரண்டும் வருகின்றனவா என்று முதல் நாள் நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பெருமழை பெய்த காலை. அவள் கையில் முந்தைய நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றக் குத்திய குழாயை எடுக்காமல் பிளாஸ்திரி போட்டு அனுப்பியிருந்தார்கள், மறுபடி ஏற்ற வேண்டியிருந்ததால். மற்றொரு வாசிப்பாளர் வீட்டைச் சுற்றித் தண்ணீர், வர முடியவில்லை. ஏரி மதகுகளைத் திறக்கிறார்கள், தாழ்ந்த தெருக்காரர்கள் உடனே வெளியேற வேண்டும், இதுதான் செய்தி. ஊரெல்லாம் கரண்ட் இல்லாமல் ஜனங்கள் பேட்டரி ரேடியோவைத்தான் காதில் வைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரி முடிந்ததும் சுண்டுவிரல் எழுந்தது. இன்ஜினியர் எதையோ அமுக்கினார், திரும்ப அமுக்கினார், பிறகு கண்ணாடி வழியே இரண்டு கையையும் விரித்தார். இசை வரவில்லை, இயந்திரம் மக்கர். நான் பேசினை நீட்டினேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். மேலுதட்டில் வேர்வை, கழுத்து ஏறி இறங்குகிறது. குழாய் குத்திய கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு நிறுத்தம். நான் உள்ளே இழுத்த மூச்சை வெளியே விடவில்லை. பிறகு தெருக்களின் பேரை ஒவ்வொன்றாக வாசித்தாள், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை, அவசரமே இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரரைக் கதவு தட்டி எழுப்புகிறவள் போல. கடைசியில் வணக்கம் சொன்னாள், சிவப்பு விளக்கு அணைந்தது. அதன் பிறகு நடந்ததை எழுத வேண்டாம். பெரிய பேசினாக வாங்கியதற்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

செய்தி ஆசிரியர் கண் கலங்கியபடி வந்தார். "அந்த எடத்துல ஒரு நிறுத்தம் குடுத்தீங்களேம்மா, மனசப் பிசைஞ்சிடுச்சு. எப்படித் தோணுது உங்களுக்கு?"

"சார், கொஞ்சம் தண்ணி" என்றாள்.

இரண்டாவது தடவை தெருப் பேரைக் கேட்டபிறகுதான் எழுந்து ஓடினோம் என்று யாரோ போன் பண்ணிச் சொன்னார்களாம். அதை அவளிடம் சொன்னேன். "அவங்களுக்காக இல்ல மாமா, காது அடைச்சுக்கிச்சு. மொத தடவ சொன்னது எனக்கே கேக்கல" என்றாள். அன்று மாடிப்படி இறங்கும்போது துவண்டு சரிந்தாள். நானும் வாட்ச்மேனும் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் திட்டியதைப் போல நம் அப்பாகூடத் திட்டியதில்லை. "தைரியசாலின்னு எல்லாரும் பாராட்டிட்டே இருந்தா அந்தப் பொண்ணு எப்ப படுக்கும்?" என்றார். எனக்குச் சுரீரென்றது. நானும்தானே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க, நர்ஸ் அவள் வயிற்றில் ஒரு கருவியை வைத்துத் தேடினாள். முதலில் ஸ்டேஷன் பிடிபடாத ரேடியோ போல வெறும் இரைச்சல். என் மகன் மூக்குக் கிளிப்பைக் கழற்ற மறந்து நின்றுகொண்டிருந்தான். பிறகு அந்த இரைச்சலுக்குள்ளே இருந்து ஒரு சத்தம், சின்னதாக, விடாமல், யாரையும் பற்றிக் கவலைப்படாமல், டக்டக் என்று. ஒரு வாய் தண்ணீர் தங்காத உடம்புக்குள்ளே அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது அக்கா. நான் எதைப் பார்த்து வியப்பது, யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் நர்ஸைக் கும்பிட்டேன். மருமகள் கண்ணைத் திறக்காமலே தன் செய்திக் குரலில் மெதுவாகச் சொன்னாள்: "நேரடி ஒலிபரப்பு மாமா."

இப்போது நீண்ட விடுப்பு எடுத்துவிட்டாள். ஆசிரியரே வீடு தேடி வந்து, இடம் அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய சென்ட் வாசனைதான் போக ஒரு நாள் ஆயிற்று. ஆகவே நீ கோபப்படாமல் கேள். தயவுசெய்து இப்போது இங்கே வராதே. உன் முழங்கால் தைலம் இந்தத் தெருவுக்குள் நுழைந்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். இந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை, நானும் மகனும் வெளியே போய்த் தின்று, வாய் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருகிறோம். அவளுக்கு எதுவும் இறங்குவதில்லை, எதுவும் தங்குவதில்லை. பிள்ளை பிறந்தபின் சொல்லியனுப்புகிறேன். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், உன் புது வீட்டுச் சுவர்களுக்கு என் வாழ்த்து.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள, தலை நரைத்த தம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது சமையலறையில் சரசரவென்று சத்தம். எலி என்று நினைத்துப் போனேன். மருமகள் நின்றுகொண்டு, மகன் நாளைக்கென்று ஒளித்துவைத்திருந்த ரொட்டிப் பாக்கெட்டைப் பிரித்து, வெறும் ரொட்டியைத் துண்டு துண்டாகத் தின்றுகொண்டிருந்தாள். பாக்கெட் காலி. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. இன்னும் காத்திருந்தோம். "மாமா, வேற என்ன இருக்கு?" என்றாள். நாளைக்கே மறுபடி குமட்டலாம், அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். மேலே எழுதியதில் ஒரு வரியையும் பொருட்படுத்தாதே, உடனே புறப்பட்டு வா, தின்பதற்கு எதையாவது நிறைய எடுத்துக்கொண்டு வா. நான் முனைக் கடைக்கு ஓடுகிறேன். கதவை இறக்கியிருந்தால் தட்டித் திறக்க வைக்கிறேன்.